வேகன் ஆர்: ஓடர் போடுவதா, சேலில் நிற்பதை எடுப்பதா?

அண்ணாமார், தம்பிமார், ஒரு யோசனை சொல்லுங்க. நான் மட்டக்களப்பு, கல்லடி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்ததிலிருந்து வீட்டில் கார்ப் பேச்சுத்தான். இப்போது காசு ஓரளவு சேர்ந்திருக்கிறது.

கல்முனைப் பக்கம் ஒரு கார் சேலில் (விற்பனை நிலையத்தில்) வெள்ளை வேகன் ஆர் நிற்கிறது, இன்னும் பதியாதது. முன்கண்ணாடியில் ஜப்பான் ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது, ஸ்டார்ட் பண்ணினால் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்கிறது. கதவு ரப்பரைத் தூக்கிப் பார்த்தேன், துருவும் இல்லை. ஆனால் ஒக்ஷன் ஷீட் (ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துத் தரும் தாள்) கேட்டால் "கொழும்பில இருக்கு, அனுப்புறம்" என்றார்கள். இன்னும் வந்தபாடில்லை.

ஏஜென்ட் மூலம் ஜப்பானிலிருந்து எடுக்க ஓடர் போட்டால் நிறம், கிரேட், மைலேஜ் எல்லாம் நம் விருப்பம். ஏலத்தில் கேட்க முன்னமே ஷீட் கைக்கு வரும். எனக்கு மனம் அந்தப் பக்கம்தான். ஆனால் ஏஜென்ட் தந்த ஒப்பந்தத்தில் "அன்றைய தீர்வை, டொலர் பெறுமதிக்கு ஏற்ப விலை மாறும்" என்று ஒரு வசனம். கப்பல் வருவதற்குள் ஏறினால் முழுச் சுமையும் என் தலையில்தானே? அட்வான்ஸும் அவர்கள் கையில்.

இந்தப் பக்கத்தில் அண்மையில் ஓடர் போட்டு எடுத்தவர்கள் இருந்தால், அந்த வசனத்தை மாற்றச் சொல்லிக் கேட்டீர்களா, ஒத்துக்கொண்டார்களா? எல்சி (இறக்குமதிப் பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) யார் பெயரில் திறந்தார்கள்? அப்புறம், சேசிஸ் இலக்கத்தை வைத்து ஷீட்டை நாமே எடுக்கலாமாம், நம்பிக்கையான வழி தெரிந்தால் சொல்லுங்க. ஷீட் சரியாக இருந்தால் கல்முனைக் காரையே பேசி முடிக்கலாம்.