சீரியல் வசனமா, சினிமா டிஸ்கஷனா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

போடிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 28 வயது, சொந்த ஊர் போடி. சென்னைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது, சாலிகிராமத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ரூமில் இருக்கிறோம். இதில் இரண்டு வருடம் ஒரு இயக்குநரின் கதை டிஸ்கஷனில், அதாவது படத்துக்கான கதையைப் பலர் கூடிப் பேசி உருவாக்கும் ரூமில், இருந்தேன். காலை பதினொரு மணிக்குப் போனால் இரவு பத்து ஆகிவிடும். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு, சில நாள் பெட்ரோலுக்குக் காசு தருவார்கள்.

அங்கே ஒரு நாள் எங்கள் அப்பத்தா கதையைச் சொன்னேன். அப்பாவின் ஆபரேஷனுக்காகத் தேனியில் காதில் கிடந்த பாம்படத்தை அடகு வைத்துவிட்டு பஸ்ஸில் வருகிறாள். அத்தனை வருடம் கனத்தைத் தாங்கிய காது வெறும் தோலாகத் தொங்குகிறது, ஜன்னல் காற்றில் ஆடி ஆடிக் கன்னத்தில் படுகிறது. ஊர் வந்து சேரும் வரைக்கும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டில் நான், எனக்கு அப்போது ஒன்பது வயது. சொல்லி முடித்ததும் ரூமில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

போன வருடம் படம் வந்தது. பஸ், காற்று, பொத்திய கை என்று அந்த சீன் அப்படியே இருந்தது. டைட்டிலில் 'கதை விவாதம்' என்று ஆறு பேர் பெயர் ஓடியது, என் பெயர் இல்லை. கேட்டதற்கு "அடுத்த படத்தில் பார்த்துக்கலாம் தம்பி" என்றார்கள்.

இப்போது ஒரு சீரியலில் வசனம் எழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள், எபிசோடு கணக்கில் சம்பளம். அதே இயக்குநரின் அடுத்த பட டிஸ்கஷனும் வரும் மாதம் ஆரம்பிக்கிறது. "சீரியல் பக்கம் போனால் முத்திரை குத்திவிடுவார்கள், அப்புறம் சினிமா ஆபீசில் கதையே கேட்க மாட்டார்கள்" என்கிறார்கள் ரூமில். உண்மையா? அந்த அப்பத்தா சீனுக்கு இனி ஏதாவது செய்ய முடியுமா?

வளசரவாக்கம் அக்கா எழுதியது:

தம்பி, அந்த சீனைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் 14 வருடமாக சீரியலுக்கு வசனம் எழுதுகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சீரியலில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். சானலோடு உட்கார்ந்து முடிவு செய்த ட்ராக், அதாவது கதைப்போக்கு, சீன் வரிசையாக உங்கள் கைக்கு வரும். அதில் 'மருமகள் உண்மை தெரிந்து மாமியாரிடம் கேட்கிறாள்' என்று ஒரே வரி இருக்கும், அதை மூன்று பக்கமாக்குவது உங்கள் வேலை. அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போக 20, 22 நிமிடம், திங்கள் முதல் சனி வரை ஆறு எபிசோடு. வியாழக்கிழமை ரேட்டிங் வந்ததும் ட்ராக்கை மாற்றச் சொல்வார்கள், எழுதி வைத்த நாலு எபிசோடு வீணாகும். அதற்குப் பணம் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள், ஏனென்றால் பல இடங்களில் ஒளிபரப்பான எபிசோடுக்குத்தான் கணக்கு. சம்பளத்திலேயே 10 சதவீதம் வருமான வரியாக (டிடிஎஸ்) பிடிப்பார்கள், வருடா வருடம் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள்.

வேலை கடினம்தான், ஆனால் கற்றுக்கொடுக்கும். ஒரு தடவை பூந்தமல்லி பக்கம் ஷூட்டிங். மதியம் போன் வருகிறது, அம்மாவாக நடிப்பவருக்குக் காய்ச்சல், வரவில்லை. அவர் மருமகளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து நாலு பக்கம் பேச வேண்டிய சீன். செட் காத்திருக்கிறது. அந்தப் பேச்சு அத்தனையையும் எடுத்துவிட்டேன். மருமகள் விளக்கேற்றப் போகிறாள், சாமி படத்துக்குக் கீழே சாவிக்கொத்து, அதற்குப் பொட்டு வைத்திருக்கிறது. எடுத்து இடுப்பில் செருகுகிறாள், அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கம், போனிலேயே அடித்து அனுப்பினேன். அந்த வருடம் நான் எழுதியதில் சிறந்த சீன் அதுதான். தினமும் எழுதிக்கொண்டிருந்ததால்தான் அந்த அரை மணி நேரத்தில் கை வந்தது.

முத்திரை பற்றி: உங்கள் தேனி மாவட்டத்துக்காரர், எழுத்தாளர் பாஸ்கர் சக்தியைப் பாருங்கள். சீரியலுக்கு வசனம் எழுதியவர்தான். 2009-ல் வெண்ணிலா கபடிக்குழுவுக்கு வசனம், 2011-ல் அவருடைய சிறுகதையே அழகர்சாமியின் குதிரை படமானது. சோற்றுக்கு ஒரு வேலை வைத்துக்கொள்வதும் குறைச்சல் இல்லை. சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இருந்துகொண்டே எழுதினார், கிரேசி மோகன் சுந்தரம் கிளேட்டனில் இன்ஜினியராக இருந்தவர். சம்பளமும் இல்லாமல், பெயரும் போடாத ரூமுக்குத் திரும்பப் போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தசரதபுரம் டீக்கடை எழுதியது:

அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எதிர்ப்பக்கத்தையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஐந்து வருடம் சீரியல் எழுதினேன். கடன் அடைந்தது, தங்கை கல்யாணம் நடந்தது, அதற்கு அந்த வேலையைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அந்த ஐந்து வருடத்தில் என் சொந்த ஸ்கிரிப்ட் 22-ம் பக்கத்தைத் தாண்டவில்லை. இரவு பன்னிரண்டுக்கு எபிசோடை அனுப்பிவிட்டுப் படுத்தால் மூளைக்குள் மாமியார் பேசிக்கொண்டே இருப்பார். அதைவிடப் பெரிய சிக்கல், எல்லாவற்றையும் வாயால் சொல்ல வைக்கும் பழக்கம். பாதி சீரியலைச் சமையலறையில் நின்று காதால்தான் பார்க்கிறார்கள், அதனால் அங்கே அது நியாயம். சினிமா ஸ்கிரிப்டில் அதே கை வந்தால் முதல் பத்து பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அதனால் போங்கள், ஆனால் காலை ஐந்தரை முதல் ஏழரை வரை உங்கள் கதைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை, இப்போதுதான் செய்கிறேன். இயக்குவதும் ஆசை என்றால் தரமணி எம்ஜிஆர் திரைப்படக் கல்லூரியில் இயக்கமும் திரைக்கதையும் ஒரே படிப்பாக இருக்கிறது, வயது வரம்பை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹைகோர்ட் பக்கம் எழுதியது:

நான் வக்கீல், பொதுவாகத்தான் சொல்கிறேன். வெறும் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு. 1978-லேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் வாயால் சொன்னீர்கள், எழுத்தில் எதுவும் இல்லை, எனவே அந்த ஒரு சீனுக்காக வழக்குக்குப் போவது மிகக் கடினம். வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இனிமேலாவது ரூமில் வாய் திறக்கும் முன் எழுதிவிடுங்கள். எழுதியதும் உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிவு நல்ல சாட்சி. பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு உண்டு. இங்கே தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகிப் பதியலாம். 2018-ல் விஜய் நடித்த சர்கார் படம் வெளியாகும் நேரத்தில், அது தன் கதை என்று எழுத்தாளர் வருண் ராஜேந்திரன் சொன்னபோது, சங்கத்தில் 2007-லேயே அவர் பதிந்து வைத்திருந்த கதைதான் அவருக்காகப் பேசியது. உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, படத்தில் அவர் பெயரைப் போட்டார்கள்.

சீரியல் ஒப்பந்தம் கைக்கு வந்தால் மூன்று இடத்தைத் தேடிப் பாருங்கள்: எத்தனை வருடத்துக்கு உரிமை கொடுக்கிறீர்கள், எந்தெந்த ஊருக்கு, டைட்டிலில் பெயர் உண்டா. காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உரிமையை விற்றபின்னும் 'இதை எழுதியவன் நான்' என்று கோரும் உரிமை உங்களிடமே இருக்கும். சினிமாவுக்கு எழுதும்போது இன்னொன்று: 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டர் தவிர மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் எழுத்தாளரின் சம பங்கைத் தயாரிப்பாளர் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ள முடியாது.

போடிக்காரன் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. அக்கா, சாவிக்குப் பொட்டு வைத்ததை ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அண்ணா, ஐந்தரை மணி யோசனை சரி, அலாரம் வைத்துவிட்டேன்.

டிஸ்கஷனுக்கு வரவில்லை என்று இன்று போன் செய்து சொல்லிவிட்டேன். அப்பத்தா கதையை இனி சீனாக இல்லாமல் முழுச் சிறுகதையாக எழுதி ஏதாவது பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன், என் அப்பத்தாவின் காது அது. எந்த வருடம் என்று கேட்க அம்மாவுக்குப் போன் செய்தேன். பாம்படத்தை மீட்கவே இல்லையாம், எனக்கு இத்தனை நாள் தெரியாது. அடகுச் சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறதாம். சனிக்கிழமை ஊருக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறேன், திங்கள் முதல் சீரியல்.

வளசரவாக்கம் அக்கா எழுதியது:

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள் தம்பி, படிக்கிறேன். பத்திரிகைக்கு அனுப்பும் முன் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.