கம்பெனிங்க வர்றதுக்கு வரிச் சலுகை மட்டும் போதுமா?

மாலைநேரம்:
எல்லா மாநிலமும் முதலீட்டாளர் மாநாடு போடுது, எம்ஓயூ (முதலீடு பண்றோம்னு போடுற புரிந்துணர்வு ஒப்பந்தம்) கையெழுத்தாகுது, போட்டோ வருது. ரெண்டு வருஷம் கழிச்சு வேலை வந்துச்சான்னு யாரும் கேக்குறதில்ல. நிஜமாவே கம்பெனிங்க எத பாத்து ஒரு மாநிலத்துக்கு வர்றாங்க? வரிய குறைச்சா வந்துடுவாங்களா? கட்சி சண்டை வேணாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குப்புலி:
வரிய மட்டும் நம்பி இறங்குன கதைக்கு அமெரிக்காவுல கான்சஸ் மாநிலத்த பாருங்க. 2012ல வருமான வரிய நல்லா வெட்டுனாங்க, சின்ன பிசினஸ் பலதுக்கு மாநில வரியே கிடையாதுன்னுட்டாங்க, வேலை கொட்டும்னு சொன்னாங்க, கொட்டல, கஜானாதான் காலியாச்சு, கடைசியில 2017ல கவர்னரோட சொந்தக் கட்சிக்காரங்களே நெறய பேர் சேர்ந்து அவர் போட்ட தடையையும் (வீட்டோ) மீறி அத ரத்து பண்ணாங்க. அதே அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துக் கதை வேற மாதிரி. 2017ல எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஃபாக்ஸ்கான் 13,000 வேலைன்னு சொல்லுச்சு, மாநிலம் கிட்டத்தட்ட 300 கோடி டாலர் சலுகைன்னுச்சு. 2021ல திருத்தி எழுதுன ஒப்பந்தத்துல வேலை 1,454, சலுகை 8 கோடி டாலர். ஆள் எடுத்தாதான் காசுன்னு எழுதி வச்சிருந்ததால மாநிலம் தப்பிச்சுது, ஆனா நிலம், ரோடு, தண்ணி லைன்னு உள்ளூர் நிர்வாகம் முன்னாடியே செலவு பண்ணிடுச்சே, அது போனது போனதுதான்.

லேத்துப்பட்டறை:
எல்லாரும் பெரிய கம்பெனியவே பேசுறீங்க. நான் சின்ன யூனிட் ஓட்டுறவன், எனக்கு சலுகையே வேணாம் சாமி, பர்மிஷன் என்னைக்கு வரும்னு தேதி சொன்னா போதும். சிங்கிள் விண்டோன்னு வெப்சைட் இருக்கு, அப்லோட் பண்றது ஒரே இடத்துலதான், ஆனா பின்னாடி தீயணைப்பு, மாசுக்கட்டுப்பாடு, கரண்ட்டு, பிளான் அப்ரூவல்னு அதே பழைய மேஜைங்கதான், இவர் அவர் பேப்பர கேப்பார், அவர் இவர் பேப்பர கேப்பார், நடுவுல லோன் வட்டி மட்டும் கரெக்டா ஓடும். குறிச்ச நாளுக்குள்ள பதில் வரலன்னா அனுமதி குடுத்த மாதிரின்னு ரூல் வேற சொல்றாங்க. பேங்க்ல போய் அத சொல்லிப் பாருங்க, கையெழுத்து போட்ட பேப்பர் எங்கன்னுதான் கேப்பாங்க.

தெற்குக்காத்து:
ரேங்க் பாத்தும் யாரும் வர்றதில்ல. மத்திய அரசு மாநிலங்களுக்கு போட்ட தொழில் சூழல் ரேங்க்ல 2016ல தமிழ்நாடு 18வது. ஆனா நாட்டுலயே அதிக ஃபேக்டரி இருக்குற மாநிலம் அதுதான். துறைமுகம், பக்கத்துலயே பார்ட்ஸ் சப்ளையர், வேலை தெரிஞ்ச ஆளுங்க, இதெல்லாம் பல வருஷமா சேந்தது. நிலப் பிரச்சினைய தீர்க்காம விட்டா என்னாகும்னு 2008ல மேற்கு வங்கத்து சிங்கூர் காட்டுச்சு, அங்க வர இருந்த டாடா நானோ கார் ஃபேக்டரி அப்படியே குஜராத் சானந்துக்கு போயிடுச்சு.

என்னைக் கேட்டா யாரும் கண்டுக்காத விஷயம் ஹாஸ்டல். எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரில வேலை செய்றவங்க பெரும்பாலும் வெளியூர் பொண்ணுங்க, தங்க எடம் சரியில்லன்னா வீட்டுல அனுப்ப மாட்டாங்க, ஆள் வரலன்னா லைன் ஓடாது. 2024ல வல்லம் வடகால்ல இருக்குற சிப்காட்ல (தமிழ்நாடு அரசோட தொழிற்பேட்டை) 18,720 பேர் தங்குற ஹாஸ்டல் திறந்தாங்கல்ல, பத்து வருஷ வரி விலக்க விட அது பெருசுன்னு நான் சொல்லுவேன்.

மாலைநேரம்:
ஹாஸ்டல நான் யோசிக்கவே இல்ல. அப்போ லேபர் சட்டத்த தளர்த்துனா?

தெற்குக்காத்து:
2023 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற சட்டத் திருத்தம் சட்டசபையில பாஸ் ஆச்சு, எதிர்ப்பு கிளம்புனதும் மே தினத்தன்னைக்கே வாபஸ்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறமும் ஃபேக்டரி வந்துட்டுதான் இருக்கு.

கணக்குப்புலி:
வேலை வந்துச்சான்னு பாக்கணும்னா எம்ஓயூ தொகைய விடுங்க, மத்திய அரசோட ஆண்டு தொழிற்சாலை கணக்கெடுப்ப பாருங்க, மாநில வாரியா எத்தனை பேர் வேலை பாக்குறாங்கன்னு இருக்கும். கரண்ட்டுல ஓடுற ஃபேக்டரின்னா பத்து பேராவது இருந்தாதான் அதுல வரும்.

லேத்துப்பட்டறை:
சரிதான், என்கிட்ட ஏழு பேரு. நான் கணக்குலயே இல்ல.