மிடி கோப்பை மென்பொருளில் இறக்கியபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

வீணைவிரல்:
தோடி ராகத்தின் காந்தாரச் சுரம் உயிரற்று ஒலித்த அந்த நிமிடம் இன்னும் உறுத்துகிறது. சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் வீலின் வீச்சை 12 அரைச்சுரமாக வைத்து, அம்மா பாடப் பாட நான் கீபோர்டில் வாசித்தது. மிடியாக, அதாவது ஒலியாக இல்லாமல் எந்தக் கட்டையை எப்போது அழுத்தினேன் என்ற குறிப்புகளாக, எடுத்துப்போய் நண்பரின் ஸ்டூடியோவில் இறக்கினோம். சுரங்கள் சரி, தாளம் சரி. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாட வேண்டிய காந்தாரம் மட்டும் நின்ற இடத்திலேயே நடுங்கியது. கோப்பில் பதிவது வீல் எங்கே நிற்கிறது என்ற எண்தான்: 0 முதல் 16383 வரை, நடுவில் 8192. அது எத்தனை அரைச்சுரம் என்பதை வாங்கி ஒலிக்கும் வாத்தியமே முடிவு செய்கிறது. அங்கே 2 என்று இருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இது தோடி இல்லையேடா” என்றார். 2-ஐ 12 ஆக்க வேண்டும் என்று நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் அவர் ஆட்டோ ஏறிவிட்டார்.

பாடகர்குழு:
எங்களுக்குக் கிறிஸ்துமஸ் ஒத்திகையில். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி எண்ணாக இருக்கும் சேனல்கள் எல்லாம் ஒரே டிராக்கில் அடைந்த கோப்பு. பிரிக்காமல் பியானோவில் போட்டுவிட்டேன். டிரம்களுக்கென்று உள்ள பத்தாம் சேனலின் தாளம் முழுவதும் பியானோவாக இடித்தது. 36-ஆம் எண் பேஸ் டிரம் அடிக்கட்டையில் திம் திம் என்று. முன்வரிசையில் நின்ற சின்னப் பெண் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அந்த முகம் மறக்கவில்லை.

ஜதிக்கணக்கு:
நிமிடத்துக்கு 84 தட்டு வேகத்தில் வாசித்த ஜதி, கோப்பில் டெம்போ (வேகம்) குறிப்பு இல்லாததால் 120-இல் ஓடியது. ஆட நின்ற மாணவி முதல் அடவிலேயே நின்றுவிட்டாள். அது போகட்டும். வீணைவிரல் சொல்வது பாதிதான் சரி. வீச்சையும் கோப்பிலேயே எழுதலாம். கண்ட்ரோலர் என்ற எண்ணிட்ட கட்டளைகளில் 101-க்கு 0, 100-க்கு 0, பிறகு 6-க்கு 12. நீங்கள் பதிவைத் தொடங்கும் முன்பே கீபோர்டில் வீச்சை மாற்றியிருப்பீர்கள், அதனால் அந்தச் செய்தி உள்ளே வந்திருக்காது. பாட்டுக்கு முன்னால் ஓர் ஆவர்த்தனம் காலியாக விட்டு, இந்த மூன்றையும் அந்த வரிசையிலேயே அங்கே வையுங்கள். ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். டெம்போவையும் அங்கேயே எழுதுங்கள். கூடவே கீபோர்டின் ஒலியை ஆடியோவாகவும் பதிந்து அனுப்புங்கள். எதிர்முனையில் இருப்பவர் ஒப்பிட்டுக் கேட்க வேறு வழி கிடையாது. கமகம் (சுர அசைவு) உள்ள எதையும் வெறும் மிடியாக யாருக்கும் அனுப்பவே கூடாது என்பேன்.

வீணைவிரல்:
நேற்றிரவு 101, 100, 6 மூன்றையும் எழுதிப் பார்த்தேன். நண்பரிடம் உள்ள வீணை ஒலி அவற்றைச் சட்டை செய்யவே இல்லை. கையால்தான் 12 வைக்க வேண்டியிருந்தது. ஆகவே நான் எழுதியதில் மாற்றமில்லை. ஆனால் ஆடியோவையும் சேர்த்து அனுப்பச் சொன்னீர்களே, அதை அன்றே செய்திருக்க வேண்டும். காந்தாரம் இப்போது அசைகிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மறுபடி அழைத்துப் போகிறேன்.