விமானங்களின் பூச்சு: ஏன் வெள்ளை, எவ்வாறு இடுகிறார்கள்?

கேள்வி: கிளிநொச்சி பெயின்ரர்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கராஜ் ஒன்றில் லொறிகளுக்கும் பேருந்துகளுக்கும் பதினொரு ஆண்டுகளாகப் பெயின்ற் அடித்து வருகிறேன். அண்மையில் உறவினரை அழைத்துவரப் பலாலிக்குச் சென்றபோது, சென்னையிலிருந்து வந்திறங்கிய விமானத்தின் பூச்சு ஒரே சீராக மின்னியதைப் பார்த்து வியந்து நின்றேன். எங்கள் கராஜிலோ, தரைக்குத் தண்ணீர் தெளித்து விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கினாலும், பக்கத்து ஒழுங்கையிலிருந்து எழும் கிறவல் புழுதி ஈரப்பூச்சில் வந்து ஒட்டிக்கொள்ளும். விமானத்தின் பழைய பூச்சை எங்களைப் போலத் தகட்டால் சுரண்டி எடுப்பார்களா? பெரும்பாலானவை வெள்ளையாக இருப்பது ஏன்?

பதில்: முள்ளியவளை

அண்ணா, வளைகுடா நாடொன்றில் விமானப் பூச்சுக் கொட்டகையில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவன் நான். சுரண்டுவதைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் அதுதான் உயிரோடு தொடர்புடையது. அலுமினிய உடலில் கூரான உலோகக் கருவி எதுவும் படக்கூடாது. பயணிகள் மூச்சுவிடுவதற்காக உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்படுவதால், விமானத்தின் உடல் ஒவ்வொரு பறப்பிலும் சற்றே விரிந்து பின்னர் சுருங்குகிறது. மயிரிழை போன்ற கீறல் இருந்தாலும், ஆயிரக்கணக்கான பறப்புகளின் பின் அதே கோட்டில் வெடிப்பு ஓடத் தொடங்கிவிடலாம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடங்களில் பழைய பூச்சையும் அடைப்புப் பசையையும் கூரான கருவியால் எடுத்ததால் உண்டான கீறல்களைத் தேடி, போயிங் 737 விமானங்களைப் பரிசோதிக்க நேர்ந்தது. ஆகவே பூச்சை இளக்கும் இரசாயனத்தைத் தடவி, பழைய பூச்சு சுருங்கிப் பொங்கிய பின், பிளாஸ்ரிக் சுரண்டியால் தள்ளி நீரால் கழுவுவோம். இரசாயனம் படக்கூடாத கார்பன் இழைப் பாகங்களை மூடிக் கட்டிவிட்டு, அவற்றைத் தேய்த்தே எடுப்போம்.

அதன்பின் அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சும், பொலியூரித்தேன் மேற்பூச்சும் இடப்படுகின்றன. பூச்சுத் துளிகளுக்கு மின்னேற்றி விசிறுவதால் அவை தாமாகவே உடலை நாடி ஒட்டுகின்றன. புழுதிக்கு அங்கே இடமில்லை. கொட்டகைக்குள் வரும் காற்று வடிகட்டப்படுவதுடன் வெப்பமும் ஈரப்பதனும் கட்டுப்படுத்தப்படுகின்றன.

பதில்: வவுனியா ஆசிரியர்

வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. வைகாசி வெயிலில் கறுப்பு நிற வான் வண்டிக்குள் ஏறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எண்ணெய்க் கசிவும் வெடிப்பும் வெள்ளையில் எளிதாகத் தென்படும். நிறமும் விரைவில் மங்கித் தெரியாது. குத்தகை முடிந்து வேறு நிறுவனத்துக்குச் செல்லும் விமானத்தை மாற்றியமைப்பதும் சுலபம்.

பூச்சுக்கும் எடை உண்டு. 747 போன்ற பெரிய விமானத்தில் அது ஏறத்தாழ 250 கிலோகிராம் வரை வரும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நெடுங்காலம் தன் விமானங்களை வெற்று அலுமினியமாகவே மெருகூட்டிப் பறக்கவிட்டு, 2013ஆம் ஆண்டில்தான் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. கார்பன் இழையாலான புதிய விமானங்களை அவ்வாறு மெருகூட்ட முடியாது.

பூச்சுக்கு முன்னர் உணரிகளை மூடுவது பற்றியும் சொல்ல வேண்டும். 2008 நவம்பரில் பிரான்சின் பெர்பினியோன் நகரில் புதிய பூச்சு இடப்பட்ட ஏ320 விமானமொன்று சோதனைப் பறப்பின்போது கடலில் வீழ்ந்து ஏழு பேர் இறந்தனர். பூச்சுக்கு முன் கழுவியபோது, காற்று மோதும் கோணத்தை அளக்கும் உணரிகளை மூடாமல் விட்டதால் உட்புகுந்த நீர், உயரத்தில் உறைந்து அவற்றை அசையவிடாமல் செய்திருந்தது.

கிளிநொச்சி பெயின்ரர்

இருவருக்கும் மிக்க நன்றி. பெர்பினியோன் செய்தியைப் படித்தபின் சற்று நேரம் வேலை ஓடவில்லை. இன்னுமொன்று: ஸ்ரீலங்கன் விமானத்தின் வாலிலுள்ள மயிலை அவ்வளவு பெரிய பரப்பில் கோணாமல் எப்படி வரைகிறார்கள்? எங்கள் வயலுக்கு வரும் மயிலைக் கடதாசியில் வரைவதற்கே எனக்குப் பலமுறை அழிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: முள்ளியவளை

கையால் வரைவதில்லை, அண்ணா. கணினியால் முழு அளவில் வெட்டிய ஒட்டுத்தாள் அச்சுகளைக் குறித்த புள்ளிகளில் பொருத்தி, ஒவ்வொரு நிறமாக விசிறி, பூச்சு இறுகும் முன்பே தாளை உரிப்போம். பிந்தினால் விளிம்பு பிய்ந்துவிடும். சில காலத்துக்கு மட்டும் வைத்திருக்கும் படங்களென்றால் அச்சிட்ட படலத்தை ஒட்டுவதும் உண்டு. வாலில் இருக்கும் படத்தின் ஒரு பகுதி அசையும் சுக்கானின் மேல் விழுகிறது. அங்கே பூச்சு கூடினால் சமநிலை கெட்டு, வேகத்தில் சுக்கான் படபடக்கத் தொடங்கிவிடும் என்பதால், நிறம் காய்ந்ததும் அதன் சமநிலையைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதி ஒப்பமிட்ட பிறகே விமானத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுப்போம்.