காஸ்–போனே உறுப்பைச் சேர்த்தால் கருந்துளைக் கணிப்பு ஏன் வெடிக்கிறது?

தரமணி மாணவர்:
வணக்கம். சென்னையில் இயற்பியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். திசையிலிப் புலத்தோடு (ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண் மட்டுமே கொண்ட புலம்) காஸ்–போனே உறுப்பு (வெளி-கால வளைவின் இருபடிச் சேர்க்கை) இணையும் ஈர்ப்புக் கோட்பாட்டில் இரண்டு கருந்துளைகள் மோதுவதைக் கணினியில் உருவகப்படுத்துவதே என் திட்டப்பணி. ஐன்ஸ்டைன் சமன்பாடுகளுக்கென எழுதப்பட்ட ஒரு திறமூல நிரலில் கூடுதல் உறுப்புகளைச் சேர்த்து ஓட்டினால், சற்று நேரத்தில் எண்கள் வரம்பின்றி வளர்ந்து வெடித்துவிடுகின்றன. கட்டவலையை நுணுக்கமாக்கினால் இன்னும் விரைவாக வெடிக்கின்றன. பிழை நிரலிலா, சமன்பாட்டிலா?

அடையாறு வாசகர்:
நிரலில் பிழை இல்லையென்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் வலையை நுணுக்கும்போது வெடிப்பு முந்துவது, பெரும்பாலும் சமன்பாட்டையே சுட்டும் தடயம். தொடக்கத் தரவில் செய்யும் சிறு மாற்றம் தீர்விலும் சிறு மாற்றத்தையே தர வேண்டும் என்ற பண்பு இல்லாத சமன்பாடுகளில், அலைநீளம் குறையக் குறையக் கோளாறு வேகமாக வளரும். நுணுக்கமான வலை அத்தகைய குற்றலைகளுக்கு இடங்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஐன்ஸ்டைன் சமன்பாடுகளுக்கு இந்தப் பண்பு உண்டு என்பதற்கு அடித்தளமிட்ட நிறுவலை இவோன் ஷொக்கே-ப்ரூவா 1952-இல் வெளியிட்டார். அதன் பின்னும் இரு கருந்துளைகள் சுற்றி இணைவதைக் கணினியில் முழுமையாகக் காட்ட, ஃபிரான்ஸ் பிரிட்டோரியஸின் 2005 வேலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் கோட்பாட்டிலோ, வழக்கமான ஹார்மோனிக் ஆயத்தேர்வே (ஆயங்களை அலைச் சமன்பாட்டால் தேர்வது) போதாது. ஆயத்தேர்வால் எழும் போலி அலைகளும் உண்மையான ஈர்ப்பலைகளும் அங்கே ஒரே வேகத்தில் செல்வதால், புதிய உறுப்பு சிறிதாக இருந்தாலும் அமைப்பு குலைகிறது. ஆரோன் கோவாச்சும் ஹார்வி ரியலும் 2020-இல் இரண்டு துணை மெட்ரிக்குகளை (வெளி-காலத்தில் இடைவெளியை அளக்கும் சார்புகளை) புகுத்தி, போலி அலைகளுக்கு வேறு வேகம் தந்து இதைத் தீர்த்தார்கள். மறுஆண்டே வில்லியம் ஈஸ்ட்டும் ஜஸ்டின் ரிப்ளியும் அம்முறையில் கருந்துளை மோதல்களைக் கணித்தனர்.

ஒரு நிபந்தனை உண்டு: புதிய உறுப்பின் வலிமையைக் குறிக்கும் இணைப்பு மாறிலி, தொடுவானத்தின் (கருந்துளையின் எல்லையின்) ஆரத்தின் வர்க்கத்தோடு ஒப்பிடச் சிறியதாக இருக்க வேண்டும். அது பெரிதானால் சமன்பாடு அலைச் சமன்பாட்டின் இயல்பை இழந்து, அதன் வகையே மாறி, காலத்தில் முன்னேறிக் கணிப்பது என்ற எண்ணமே பொருளிழக்கும். கோளச் சமச்சீர்மையோடு ஈர்ப்பால் உள்நோக்கிச் சரியும் எளிய நிலையிலேயே இது காணப்பட்டுள்ளது.

சிறுசேரி ஆய்வாளர்:
முழுச் சமன்பாட்டையும் தீர்க்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பொதுச் சார்பியல் தீர்வைப் பின்புலமாக வைத்து, திருத்தத்தைப் படிப்படியாக மட்டும் கணிக்கும் முறையும் புழக்கத்தில் உள்ளது. ஒவ்வொரு படியிலும் உயர் வகைக்கெழுக்களின் அமைப்பு ஐன்ஸ்டைனுடையதே என்பதால் வெடிப்பு வராது. ஆயினும் கருந்துளைகள் ஆற்றலை இழந்து நெருங்கும் வேகம் உண்மையில் மாறுவதை இம்முறை தொடர்ந்து பின்தொடராததால், சுற்றுகள் கூடக் கூட அலையின் கட்டப்பிழை (முகடுகள் வரும் நேரத்தில் ஏற்படும் பிழை) திரண்டுவிடும். ஈர்ப்பலைத் தரவோடு ஒப்பிடுபவர்களுக்குக் அலையின் இந்தக் கட்டம்தான் உயிர். ஆகவே நேர்மோதலுக்கோ கடைசிச் சில சுற்றுகளுக்கோ இது ஏற்றது, நீண்ட சுழற்சிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தரமணி மாணவர்:
மிக்க நன்றி. கட்டவலையை இனி நுணுக்கப் போவதில்லை. முதலில் கோளச் சமச்சீர்மையில் ஒற்றைக் கருந்துளையை எடுத்து, இணைப்பு மாறிலியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எந்த மதிப்பில் சமன்பாட்டின் வகை மாறுகிறது என்று பார்த்தால் ஒரு பருவத்துக்குள் முடியுமா?

அடையாறு வாசகர்:
முடியும். ஒரே இடப்பரிமாணம் என்பதால் மடிக்கணினியே போதும். வகை மாறும் பகுதி தொடுவானத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதையும் தவறாமல் குறியுங்கள்: உள்ளே இருந்தால் அப்பகுதியை வெட்டிவிட்டுக் கணிப்பைத் தொடரலாம், வெளியே வந்துவிட்டால் அந்த வழியும் இல்லை.