தென்கொரிய ஹாக்வொனில் கறுப்பின ஆசிரியருக்குப் பாகுபாடு: "நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்றால் என்ன செய்யலாம்?

சுவொன்வாசி:
வணக்கம். எங்கள் கட்டிடத்தில் ஒரு தென்னாப்பிரிக்க ஆசிரியை இருக்கிறார், கறுப்பினத்தவர். இ-2 விசாவில் ஹாக்வொனில் (தனியார் டியூஷன் மையம்) ஆங்கிலம் சொல்லித் தருகிறார். ஒப்பந்தம் ஒரு வருஷம், எட்டு மாதம் ஓடிவிட்டது. "அம்மாக்களுக்கு உங்களைப் பிடிக்கல, பசங்க பயப்படுறாங்களாம்" என்று டைரக்டர் நேரிலும் ககாவோ டாக் என்ற செய்தி ஆப்பிலும் சொல்லியிருக்கிறார். சின்ன வகுப்புகளை எடுத்துப் புதிதாக வந்த வெள்ளைக்கார ஆசிரியரிடம் கொடுத்தாயிற்று. இப்போது ராஜினாமா எழுதிக் கொடுத்தால் வேறு இடம் மாற விடுவிப்புக் கடிதம் தருகிறேன் என்கிறார். கையெழுத்துப் போடலாமா? புகார் எங்கே கொடுப்பது? அவருடைய தங்கையும் அடுத்த வருஷம் இங்கே வர விண்ணப்பிக்கிறாராம். அவர் எதைக் கவனிக்க வேண்டும்?

கிம்ச்சி சாம்பார்:
முதலில், கையெழுத்து வேண்டாம். அந்தத் தாளுக்கு இங்கே சாஜிக்சோ என்று பெயர். அதில் கையெழுத்து விழுந்தால் "தானாகப் போனார்" என்றுதான் கணக்கு, பணிநீக்க வழக்கு அங்கேயே படுத்துவிடும். எட்டு, ஒன்பது, பத்தாம் மாதங்களில் இந்தப் பேச்சு வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஒரு வருஷம் முழுசாக முடிந்தால் சுமார் 30 நாள் சராசரிச் சம்பளத்தைப் பணிக்கொடையாகத் தர வேண்டும், அதுவும் வேலை முடிந்த 14 நாளுக்குள். பதினோராவது மாதம் வெளியே போனால் அந்தப் பணம் டைரக்டர் பையிலேயே தங்கிவிடும். நிறவெறியும் கஞ்சத்தனமும் இங்கே அடிக்கடி கைகோத்துத்தான் வரும்.

அனுப்புவதானால் அவரே அனுப்பட்டும். தொழிலாளர் தரநிலைச் சட்டம் 27-ஆம் பிரிவுப்படி காரணமும் தேதியும் போட்டு எழுத்தில் கொடுத்தால்தான் பணிநீக்கம் செல்லும். 26-ஆம் பிரிவுப்படி 30 நாள் முன்னறிவிப்பு, இல்லாவிட்டால் 30 நாள் சம்பளம். வேலை போன நாளிலிருந்து 3 மாதத்துக்குள் தொழிலுறவு ஆணையத்தில் அநியாயப் பணிநீக்க மனு. மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

ஆதாரத்துக்கு வருவோம். தானும் பங்கெடுக்கும் உரையாடலைப் பதிவு செய்வது கொரியாவில் குற்றம் அல்ல. ஃபோனை அறையில் வைத்துவிட்டு வெளியே போய் மற்றவர்கள் பேச்சைப் பதிவு செய்தால்தான் குற்றம். ககாவோவில் அனுப்பியவர் செய்தியை அழிக்க முடியும், அதனால் தேதி, நேரம் தெரிகிற மாதிரி உடனே ஸ்க்ரீன்ஷாட். வகுப்பு அட்டவணை மாறுவதற்கு முன்னால் இருந்தது, பின்னால் வந்தது இரண்டையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நிறத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தையும் வகுப்பு பறிபோன தேதியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால்தான் வழக்குக்கு எலும்பு கிடைக்கும்.

இன்ச்சோன் இரவு:
மேலே சொன்னது சரி, ஆனா ஒரு பெரிய "ஆனா" இருக்கு. 27-ஆம் பிரிவும் தொழிலுறவு ஆணையமும் 5 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யற இடத்துக்குத்தான். 2019 ஜூலைல வந்த பணியிடத் துன்புறுத்தல் சட்டமும் அப்படியே. சின்ன ஹாக்வொன்கள் பல இந்த ஓட்டையிலதான் குடித்தனம் நடத்துது. 5-க்குக் கீழேன்னா மிச்சம் இருக்கறது முன்னறிவிப்பு, பணிக்கொடை, அப்புறம் 6-ஆம் பிரிவு.

அந்த 6-ஆம் பிரிவு பாலினம், தேசியம், மதம், சமூக அந்தஸ்து இதுகளுக்காகப் பாகுபாடு காட்டக் கூடாதுங்குது. நிறம், இனம் பட்டியல்ல இல்லை! தொழிலாளர் அலுவலகத்துல (உதவி எண் 1350) போய் "நான் கறுப்பா இருக்கறதால"ன்னு மட்டும் சொன்னா அதிகாரி முழிப்பார். வகுப்பு நேரம், சம்பளம், பணிக்கொடை, முன்னறிவிப்புன்னு பணமா மாத்திச் சொல்லணும். இனம், நிறம் ரெண்டையும் பேர் சொல்லிக் குறிப்பிடறது தேசிய மனித உரிமை ஆணையச் சட்டம்தான். அங்க (உதவி எண் 1331) தனியார் முதலாளி மேலயும் மனு போடலாம், சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள. ஆனா ஆணையம் பரிந்துரைதான் பண்ணும், கட்டாயப்படுத்த முடியாது. பாகுபாட்டுக்குன்னு முழுச் சட்டம் இந்த நாட்டுல இன்னும் இல்லை. என் கருத்து: ரெண்டு இடத்துலயும் போடுங்க. பணம் 1350-ல, பதிவு 1331-ல.

சுவொன்வாசி:
நன்றி. அங்கே டைரக்டர், கொரிய ஆசிரியர் இருவர், வெளிநாட்டவர் இருவர், வேன் ஓட்டுநர் ஒருவர். இது 5 கணக்கில் வருமா? இன்னொன்று, ஃபேஸ்புக் குழுவில் ஹாக்வொன் பெயரைப் போட்டு எழுதிவிடலாம் என்று கோபத்தில் இருக்கிறார்.

இன்ச்சோன் இரவு:
டைரக்டர் முதலாளி, அவரைச் சேர்க்கக் கூடாது. ஓட்டுநரைச் சேர்த்தா 5, விட்டா 4. அவர் சம்பள ஆளா, ஒப்பந்த வண்டியாங்கறதுலதான் உங்க வழக்கே நிக்குது. ஒரு மாசத்துல ஒவ்வொரு நாளும் வேலை செஞ்ச ஆட்களைக் கூட்டி, மையம் திறந்திருந்த நாட்களால வகுக்கணும். பகுதி நேர ஆட்களும் சேர்த்தி. வெளிநாட்டு ஆசிரியருக்கு 3.3 சதவீதம் வரி பிடிச்சு "ஃப்ரீலான்ஸ்"னு எழுதியிருந்தா பயப்படாதீங்க. நேரமும் இடமும் பாடமும் டைரக்டர் சொல்றபடின்னா, தாள்ல என்ன எழுதியிருந்தாலும் ஊழியர்னு வாதாடலாம்.

கிம்ச்சி சாம்பார்:
ஃபேஸ்புக் வேண்டவே வேண்டாம். கொரியாவில் *உண்மையை* எழுதினாலும் அவதூறு வழக்கு வரும். குற்றவியல் சட்டம் 307-ஆம் பிரிவில் உண்மைக்கே 2 வருஷம் வரை சிறை, இணையத்தில் எழுதினால் தனிச் சட்டப்படி 3 வருஷம் வரை. பொதுநலனுக்காக எழுதினேன் என்று வாதாட இடமுண்டு, ஆனால் அதைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து வாதாட வேண்டியிருக்கும். 2021-இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் 307-ஐ ரத்து செய்யவில்லை. ஆணையத்துக்குக் கொடுக்கும் மனுவில் பெயர் போடட்டும், சுவரில் வேண்டாம்.

விசா விஷயத்தில் குடிவரவு உதவி எண் 1345-ஐ முதலில் கூப்பிடச் சொல்லுங்கள். டைரக்டர் பணிநீக்கம் செய்தால் நிலை வேறு, ஒப்பந்தத்தின் நடுவில் தானாக விலகினால் வேறு. விடுவிப்புக் கடிதத்தை வைத்துத்தான் அவர் மிரட்டுகிறார். கடிதம் கிடைக்காவிட்டால் வேலை தேடும் டி-10 விசாவுக்கு மாற வழி உண்டா என்று அங்கேயே கேட்டுவிடலாம்.

டேகு தோசை:
தங்கைக்கு:

விண்ணப்பத்தில் ஃபோட்டோ கேட்பார்கள், மறைப்பதில் பலனில்லை. டைரக்டருடனேயே வீடியோவில் பேசி, ஒப்பந்தம் இரு பக்கமும் கையெழுத்தான பிறகுதான் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று) செய்த பட்டச் சான்றிதழைக் கூரியரில் அனுப்ப வேண்டும். ஏஜென்ட் பார்த்தது போதாது. முகத்தை டைரக்டர் விமான நிலையத்தில்தான் முதல்முறை பார்க்கிறார் என்றால் வம்பு அங்கேயே ஆரம்பம். ஆள் எடுக்கும்போது பாகுபாடு கூடாது என்று வேலைவாய்ப்புக் கொள்கைச் சட்டம் 7-ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் அந்தப் பட்டியலிலும் இனம் இல்லை. எனவே வேலை கிடைப்பதற்கு முன் நிராகரித்தால் 1331-ஐத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எதிர்த்துச் சண்டை போட உரிமைகள் வேலையில் சேர்ந்த பிறகே கிடைக்கின்றன.

ஹாக்வொனைவிட, அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர் எடுக்கும் எபிக் திட்டம் மேல். அங்கே முதலாளி கல்வித் துறை. எதிர்த்த வீட்டு அம்மா ஃபோன் பண்ணினார் என்று வேலையைப் பிடுங்குவது கடினம்.

ஹாக்வொன் எச்ஐவி பரிசோதனை கேட்டால், 2017-க்குப் பிறகு இ-2 விசாவுக்கு அது தேவையில்லை என்று சொல்லலாம். நியூசிலாந்து ஆசிரியை ஒருவரின் புகாரில் 2015-இல் ஐநா இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு கொரியாவுக்கு எதிராகக் கருத்துச் சொன்ன பிறகே அதை எடுத்தார்கள். போதைப்பொருள் பரிசோதனை மட்டும் இன்னும் உண்டு.

ஒப்பந்தத்தில் வேலை நேரம், வகுப்பு எண்ணிக்கை, எந்த வயதுக் குழந்தைகள் என்பது எழுத்தில் இருக்கட்டும். கொரிய மொழிப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் ஒன்றா என்று யாரையாவது வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தகராறு வந்தால் அதிகாரி கொரியப் பிரதியைத்தான் கையில் எடுப்பார்.