சிம்ஸ் 4 வெளிவந்தபோது பழைய ஆட்டக்காரர்கள் அவ்வளவு வருந்தியது ஏன்?

மொட்டைமாடி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டி, அவர்களின் வாழ்க்கையை நடத்தும் சிம்ஸ் கணினி விளையாட்டுத் தொடரில், 2022 அக்டோபரில் சிம்ஸ் 4இன் அடிப்படை ஆட்டம் இலவசமான பிறகுதான் நான் இந்தத் தொடருக்குள் வந்தேன். முந்தைய மூன்று பாகங்களில் எதையும் தொட்டதில்லை. அதில் வரும் வில்லோ கிரீக் என்ற ஊரில் ஒரு சிறிய வீடு கட்டி, அதில் ஒரு தாயையும் இரண்டு மகள்களையும் குடிவைத்து, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அந்தக் குடும்பத்தை நடத்தி வருகிறேன். மூத்தவள் தளர்நடை போட்ட நாள் முதல் பள்ளிப்பாடம் எழுதும் நாள் வரை எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

என் பெரியம்மா மகள் சிம்ஸ் 2 காலத்திலிருந்து ஆடுபவர். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, இளையவள் சமையலறையில் தட்டுத் தடுமாறி நடப்பதைத் திரையில் பார்த்துவிட்டு, "நாங்கள் வாங்கிய நாளில் இந்தக் குழந்தையே கிடையாது, தெரியுமா?" என்றார். அதற்குமேல் அவர் ஆட விரும்பவில்லை. பிறகு 2014ஆம் ஆண்டின் பழைய விவாதங்களைத் தேடிப் படித்தேன். நீச்சல் குளம் இல்லை, குழந்தைகள் இல்லை, ஊர் சுருங்கிவிட்டது என்று பக்கம் பக்கமாக வருந்தி எழுதியிருக்கிறார்கள்.

அனுபவமுள்ளவர்களிடம் கேட்க விரும்புவது இதுதான். ஒரு விளையாட்டில் சில அம்சங்கள் விடுபட்டால் ஏமாற்றம் வரும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதிவுகளில் நான் கண்டது அதைவிட ஆழமான ஒன்று. ஐந்து ஆண்டுகளாக எக்ஸ்பான்ஷன் பேக்குகளை (தனியாக விலைக்கு வரும் கூடுதல் தொகுப்புகளை) சேர்த்து நிறைவடைந்த ஒரு பழைய ஆட்டத்தை, அப்போதுதான் பிறந்த புதிய ஆட்டத்தோடு ஒப்பிட்டது நியாயம்தானா? பழைய பாகங்களில் ஒன்றை மட்டும் ஆடிப் பார்ப்பதானால் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

வாசற்படி:

சிம்ஸ் 2 வந்த 2004ஆம் ஆண்டு முதல் ஆடி வருகிறேன். 2014இல் வருந்தி எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நியாயம் பற்றிய கேள்வி. எக்ஸ்பான்ஷன் பேக்குகளில் வந்த நாய், பூனை, மழை, பனி, கல்லூரி போன்றவை புதிய ஆட்டத்தில் முதல் நாளே இருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அவற்றுக்காகக் காத்திருப்பதும் மறுபடி பணம் கொடுப்பதும் எங்களுக்குப் பழகிப் போனவை. நாங்கள் தேடியவை வேறு. நீச்சல் குளம் 2000ஆம் ஆண்டின் முதல் சிம்ஸிலேயே அடிப்படை ஆட்டத்தில் இருந்தது. தளர்நடைக் குழந்தைகள் சிம்ஸ் 2இன் அடிப்படை ஆட்டத்திலும் சிம்ஸ் 3இன் அடிப்படை ஆட்டத்திலும் இருந்தார்கள். ஆகவே அடிப்படையை அடிப்படையோடு வைத்துப் பார்த்தாலும் குறை குறைதான். வெளியீட்டுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, இந்த இரண்டும் முதல் நாளில் இருக்காது என்று தயாரிப்பாளர்களே அறிவித்தார்கள். புதிய உணர்ச்சி அமைப்புக்கும் கட்டுமானக் கருவிகளுக்கும் உழைப்பைச் செலவிட்டதாகக் காரணம் கூறினார்கள். அன்றே வருத்தம் தொடங்கிவிட்டது.

இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. குளம் என்பது ஒரு பொருள். அது 2014 நவம்பரில், அதாவது இரண்டே மாதங்களில், இலவசப் புதுப்பிப்பாக வந்துவிட்டது. அதை இன்று எவரும் நினைத்து வருந்துவதில்லை. தளர்நடைப் பருவமோ 2017 ஜனவரி 12 அன்றுதான் வந்தது. இரண்டேகால் ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆட்டத்தில் மனித வாழ்வின் ஒரு பகுதியே இல்லாமல் இருந்தது.

அது எப்படி இருந்தது என்பதைப் பிறகு வந்தவர்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். சிம்ஸ் 2இல் குழந்தைக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போது தகப்பன் சில அடி தள்ளி மண்டியிட்டு இரு கைகளையும் நீட்டுவான். குழந்தை எழும், இரண்டடி வைக்கும், விழும், மறுபடி எழும். இதற்கு ஆட்ட நேரத்தில் பல மணி ஆகும். அதற்குள் தகப்பனுக்குப் பசி எடுக்கும், தூக்கம் வரும், வேலைக்கு அழைத்துப் போகும் வண்டி வாசலில் வந்து நிற்கும். பேசவும் கற்றுக்கொடுக்க வேண்டும், கழிப்பறைக்கும் பழக்க வேண்டும். இந்த மூன்றையும் பிறந்தநாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற பரபரப்பில் எத்தனையோ இரவுகளை நான் கழித்திருக்கிறேன். செங்கீரை, சப்பாணி, வருகை என்று குழந்தை அசைவதற்கும் கைகொட்டுவதற்கும் நடந்து வருவதற்கும் தனித்தனிப் பருவம் வகுத்துப் பிள்ளைத்தமிழ் பாடிய மொழி நம்முடையது. அந்தப் படிகளின் அருமையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2014இன் சிம்ஸ் 4இல் குழந்தை தொட்டிலோடு சேர்ந்த ஒரு பொருளாகவே இருந்தது. அந்த இடத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடியாது. வளர்ந்தபோது, தொட்டிலில் கிடந்த சிசு ஒரே கணத்தில் பள்ளிக்குப் போகும் சிறுவனாகி எதிரே நின்றது. என் சிம்மின், அதாவது நான் நடத்தும் ஆட்ட மாந்தரின், மகன் அப்படி எழுந்து நின்ற நாளில், அவன் யாருடைய பிள்ளை என்று கேட்கத் தோன்றியது. அவனை வளர்த்த நினைவே எனக்கு இல்லை. வளர்க்க இடமே தரப்படவில்லை.

பந்தய விளையாட்டின் அடுத்த பாகத்தில் ஒரு வண்டி குறைந்தால் அது வண்டி குறைந்ததுதான். வாழ்க்கையைப் பாவிக்கும் விளையாட்டில் ஒரு வயது குறைந்தால், குடும்பம் என்று நாம் நடத்துவதே ஓட்டையாகிவிடுகிறது. நீங்கள் அந்தப் பழைய பதிவுகளில் கண்ட ஆழம் அதுதான் என்று நினைக்கிறேன். கைக்குழந்தைகள் தொட்டிலை விட்டு இறங்கித் தவழத் தொடங்கியது 2023 மார்ச்சில். பிறப்பு முதல் முதுமை வரை இடைவெளி இல்லாத ஒரு வாழ்க்கை சிம்ஸ் 4இல் அமைய எட்டரை ஆண்டுகள் ஆயின. நீங்கள் இன்று ஆடுவது அந்த நிறைவடைந்த ஆட்டம். உங்கள் அக்கா அன்று வாங்கியது அதுவன்று.

செங்கல்சூளை:

வாசற்படி சொன்ன குழந்தைப் பருவத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 2014ஐப் பற்றிப் பேசும்போதெல்லாம் இழந்ததை மட்டுமே கணக்கிடும் வழக்கத்தை ஏற்க என்னால் முடியவில்லை. நான் குடும்பம் நடத்துபவன் அல்லன், வீடு கட்டுபவன். எனக்கு அந்த ஆண்டு ஒரு திருநாள்.

சிம்ஸ் 3இல் ஒரு வீட்டின் சமையலறை ஒரு கட்டம் குறுகிவிட்டது என்று தெரிந்தால், சுவரை இடித்து, அலமாரிகளைப் பிடுங்கி, தரையை மறுபடி போட்டு, எல்லாவற்றையும் திரும்ப அடுக்க வேண்டும். சிம்ஸ் 4இல் அறையைத் தேர்ந்தெடுத்துச் சுவரைப் பிடித்து இழுத்தால் அறை விரிகிறது. முழு அறையையும் அதிலுள்ள நாற்காலி, விளக்கு, சன்னலோடு தூக்கி வீட்டின் மறுபக்கம் வைக்க முடிகிறது. சுவருக்கு மூன்று உயரங்கள் உண்டு. கட்டி முடித்த வீட்டை ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் கேலரி என்ற பொதுப் பகிர்விடத்தில் ஏற்றினால், உலகின் மறுகோடியில் இருப்பவர் அதை எடுத்துத் தம் ஊரில் குடியேறுகிறார். முகத்தை உருவாக்குவதும் அப்படித்தான். பட்டைகளை இடவலமாக நகர்த்திக் கொண்டிராமல், மூக்கையும் தாடையையும் நேரடியாகப் பிடித்துக் குயவர் களிமண்ணை வனைவது போல வனைய முடிந்தது.

ஊர் சுருங்கியது என்ற வருத்தத்துக்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. சிம்ஸ் 3இன் திறந்த ஊர் அழகானதுதான். வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரை வரை நடந்து போகலாம், திரை எங்கும் நிற்காது. ஆனால் அந்த ஊரில் இருக்கும் அத்தனை பேரையும் ஆட்டம் ஒரே நேரத்தில் இயக்கிக் கொண்டிருந்தது. விண்டோஸில் அது 32 பிட் நிரல் என்பதால், கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் ஏறத்தாழ 4 ஜிபிக்கு மேல் அதனால் பயன்படுத்த முடியாது. பதினொரு எக்ஸ்பான்ஷன் பேக்குகளையும் நிறுவி, ஒரே ஊரில் மூன்று தலைமுறை ஆடிய எவரைக் கேட்டாலும், சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த கதையைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இருந்த எளிய மடிக்கணினியில் சிம்ஸ் 3 திணறியது, சிம்ஸ் 4 ஓடியது. விலையுயர்ந்த கணினி இல்லாதவர்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்குள் போனாலே காத்திருக்க வைக்கும் ஏற்றுதல் திரை வருகிறது என்று சிம்ஸ் 4ஐக் குறை கூறுபவர்கள், சிம்ஸ் 2இலும் வீட்டை விட்டு வெளியே போனால் அந்தத் திரை வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதில் சிம் கடைக்குப் போய்ப் பல மணி நேரம் சுற்றிவிட்டு வந்தாலும், வீட்டில் கடிகாரம் கிளம்பிய மணியிலேயே நிற்கும். அதை நாம் அன்பாக நினைவுகூர்கிறோம், இதைக் குற்றமாகச் சொல்கிறோம்.

நிறமாலை:

செங்கல்சூளை கட்டுமானம் பற்றிச் சொன்னது அனைத்தும் உண்மை. ஆனால் ஒரு பெரிய இழப்பை அவர் விட்டுவிட்டார். சிம்ஸ் 3இல் எந்தப் பொருளுக்கும் எந்த நிறத்தையும் எந்த வடிவத்தையும் நாமே கொடுக்கலாம். ஒரு நாற்காலியின் மெத்தையில் போட்ட பூவேலையை எடுத்து அதே நிறத்தோடு திரைச்சீலைக்கும் படுக்கை விரிப்புக்கும் சட்டைக்கும் கொடுக்கலாம். சிம்ஸ் 4 அதை எடுத்துவிட்டுப் பொருளுக்குச் சில நிறங்களை மட்டும் தந்தது. ஒரே மரத்தின் நிறம் மேசையில் ஒன்றாகவும் அலமாரியில் வேறாகவும் இருப்பதை நான் பத்தாண்டுகளாகப் பார்த்துக் கொண்டிருக்கிறேன். குளம் வந்தது, குழந்தை வந்தது, இது மட்டும் வரவில்லை.

வாசற்படி:

செங்கல்சூளை, சிம்ஸ் 2இன் கடிகாரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை நான் மறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டுபவருக்கும் குடும்பம் நடத்துபவருக்கும் அது ஒரே பெயரில் விற்கப்பட்ட இரண்டு வேறு ஆட்டங்கள் என்றே சொல்லலாம். விமர்சனங்களைத் தொகுத்து நூற்றுக்கு மதிப்பெண் தரும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் சிம்ஸ் 2 பெற்ற 90, சிம்ஸ் 3 பெற்ற 86 ஆகியவற்றுக்குப் பக்கத்தில் சிம்ஸ் 4 பெற்ற 70 நிற்பதற்குக் காரணம், விமர்சனம் எழுதியவர்களில் பெரும்பாலோர் அதைக் குடும்பத்தின் பக்கமிருந்து பார்த்ததுதான் என்பது என் எண்ணம்.

பிளசன்ட்வியூவாசி:

தொடரின் எல்லாப் பாகங்களிலும் வரும் காத் குடும்பத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. என் வருத்தம் அங்கேதான் இருந்தது.

முதல் சிம்ஸில் மார்ட்டிமர், பெல்லா, மகள் கசாண்ட்ரா மூவரும் ஒரு பழைய மாளிகையில் வசித்தார்கள். சிம்ஸ் 2 அதே ஊரை, பிளசன்ட்வியூ என்ற பெயரில், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் காட்டியது. மார்ட்டிமர் கிழவராகிவிட்டார், கசாண்ட்ரா திருமண வயதில் நிற்கிறாள், அலெக்சாண்டர் என்ற சிறுவன் பிறந்திருக்கிறான், பெல்லாவைக் காணோம். வேற்றுக்கிரகவாசிகள் கொண்டுபோயிருப்பார்கள் என்று ஆட்டம் குறிப்பு மட்டும் கொடுத்தது, விடையைச் சொல்லவில்லை. பக்கத்திலிருக்கும் வேறு ஊரில் அவளைப் போன்ற ஒருத்தி பழைய நினைவு எதுவும் இல்லாமல் நடமாடுகிறாள். அந்த ஒரு மர்மத்துக்காக நானும் என் அண்ணனும் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் செலவிட்டோம். சிம்ஸ் 3 கதையைப் பின்னோக்கி நகர்த்தி, மார்ட்டிமரையும் பெல்லாவையும் சிறுவர்களாகக் காட்டியது. அதுவும் அழகாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் விளையாடும்போது, இவர்கள் பின்னால் என்ன ஆவார்கள் என்று நமக்கு மட்டும் தெரியும்.

சிம்ஸ் 4இல் நான்கு பேரும் வில்லோ கிரீக்கில் ஒன்றாக இருக்கிறார்கள். பெல்லா காணாமல் போகவே இல்லை. இது வேறொரு காலக்கோடு என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பாகங்களாக நான் சுமந்து வந்த கதைக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்றாகிவிட்டது. புதிதாக வந்த மொட்டைமாடிக்கு அவர்கள் அடுத்த தெருவில் வசிக்கும் ஒரு வசதியான குடும்பம், அவ்வளவுதான். அதில் தவறும் இல்லை. எனக்கு மட்டும் அந்த மாளிகையின் வாசலில் பெல்லா சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது மனம் ஒட்டவில்லை.

மொட்டைமாடி:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. பெல்லா என் சிம்மின் வீட்டுக்கு இரண்டு முறை விருந்துக்கு வந்திருக்கிறார். அவருக்கு இப்படி ஒரு கதை இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

வாசற்படி எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் பாட்டியை சிம்ஸ் 2இல் உருவாக்கி வைத்திருந்ததையும், அந்த முதியவர் நிறைவாக வாழ்ந்து இறந்தபோது காலன் கோபமாக வராமல் ஹூலா நடனப் பெண்களோடு வந்து, பெட்டியையும் குளிர்பானத்தையும் கொடுத்து விடுமுறைக்கு அழைத்துச் செல்வது போல அழைத்துச் சென்றதையும் சொன்னார். அப்போது அவருடைய உண்மைப் பாட்டி இறந்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லையாம்.

ஆகவே முதலில் சிம்ஸ் 2ஐ ஆடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இப்போது அதை முறையாக வாங்க வழி இருக்கிறதா?

வாசற்படி:

இருக்கிறது. தொடரின் இருபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி 2025 ஜனவரி 31 அன்று முதல் இரண்டு பாகங்களையும் அவற்றின் பேக்குகளோடு இன்றைய விண்டோஸ் கணினிகளுக்காக மறுபடி வெளியிட்டார்கள். சிம்ஸ் 2ஐத் தனியாகவும் வாங்கலாம். ஆடும்போது அடிக்கடி சேமித்துக்கொள்ளுங்கள், அந்தக் காலத்து ஆட்டம் தானாகச் சேமிக்காது. பிளசன்ட்வியூவில் தொடங்கி, கசாண்ட்ராவின் திருமணம் வரையாவது அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆடுங்கள். புதிதாக ஒரு குடும்பத்தை உருவாக்கினால், பெற்றோர் இருவருக்கும் முற்றிலும் வேறுபட்ட முகங்களைக் கொடுங்கள். பிள்ளை வளர வளர யாருடைய மூக்கு, யாருடைய கண் என்று தெரிய வருவதை அக்காதான் முதலில் கண்டுபிடிப்பார்.